மூன்றாம் வரியில் டிரம்பெட் இல்லை

பேண்டு செட்டுக்குப் பாட்டு அமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அதில் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து, தான் அமைத்த கிறிஸ்துமஸ் கேரல் ஒன்றைப் போட்டுக் காட்டினான். டிரம்பெட் நாலு, டிராம்போன் மூன்று, அடிக்குரலுக்கு யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே ஊதியது. எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. ஒருவனும் நின்று குழாயிலிருந்து எச்சிலை உதறவில்லை. "எப்படி இருக்குங்க மாஸ்டர்?" என்று கேட்டான். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. இதுல எத்தனை பேருக்கு முன்பல்லு இருக்கு?" என்றேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பான், சிரித்துக்கொண்டே மூடிவிட்டான். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் செட்டு அரியலூரில் இருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமாகி, அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்த காலம் அது. பெரிய டிரம்மின் முகத்தில் செட்டின் பேரோடு மாவட்டத்தின் பேரும் எழுதியிருப்போம். ஒவ்வொரு முறையும் அதை அழித்து எழுதிப் பெயிண்டர்தான் பிழைத்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம், இழவு வீடு என்று எது கூப்பிட்டாலும் போவோம். மார்கழி பிறந்தால் கிறிஸ்தவ ஊர்களில் வீடு வீடாகக் கேரல். நான் மாரியம்மன் கோயில் தெருக்காரன். கேரல் பாட்டுகள் எனக்கு மெட்டாகத்தான் அறிமுகமாயின. ஆனால் வருஷத்தில் நான் ஆசைப்பட்டு உட்கார்ந்து எழுதிய வேலை அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு ஊதுவதை யாரும் கேட்பதில்லை, சத்தமாக இருந்தால் போதும். கேரலை வாசலில் நின்று கேட்பார்கள்.

கேரலுக்கு எழுதுகிறவன் முதலில் தெருவைப் பார்க்க வேண்டும். இதை நான் ஒரு மாட்டிடம் கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் டிராம்போன் பீட்டருக்கு அடிக்குரலில் நீளநீளமான சுரங்களாக எழுதிக் கொடுத்திருந்தேன். அறையில் கேட்கும்போது அரண்மனை மாதிரி இருந்தது. டிராம்போனில் அடிச்சுரம் வேண்டுமென்றால் குழாயைக் கை எட்டுகிறவரை முன்னே தள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேர் ஒதுங்க முடியாத சந்துக்குள் பீட்டர் அப்படித் தள்ளியபோது, கட்டியிருந்த மாட்டின் விலாவில் குழாய் போய் இடித்தது. மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவைத் துரத்தியது. தாத்தா வேஷம் போட்டவன் முந்திரித் தோப்பு வரைக்கும் தாடியோடு ஓடினான். மறுநாளே பீட்டருக்கு எல்லாச் சுரத்தையும் மேலே மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்கு எழுதினாலும் முதல் நாள் சைக்கிளில் போய்ச் சந்தெல்லாம் சுற்றிவிட்டு வருவேன். அது சுலபமான பாடம். இனி சொல்லப்போவது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

எங்கள் செட்டில் டிரம்பெட் லூர்துசாமி. வரதராஜன்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. ஊர்ப் பேர் வேண்டாம், கதையில் வரும் ஒரு மருமகள் இதைப் படித்தால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார். லூர்து டிரம்பெட்டைத் தூக்கினால் பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஊதுவது புது பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்று பீட்டர் சொல்வான். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் அவன் ஊதும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு நெஞ்சு அதிரும். அவன் ஊரில் கேரல் எடுப்பது எங்கள் செட்டுதான். அங்கே எல்லோருக்கும் பிடித்த ஒரு தொட்டில் பாட்டு உண்டு. நாலு வரி மெட்டு. முதல் இரண்டு வரி நடுவில் உலாவும். மூன்றாவது வரி மேலே ஏறி உச்சியில் நிற்கும். நாலாவது வரி இறங்கி வந்து, தொடங்கிய இடத்தில் அடங்கும். அந்த மூன்றாவது வரி லூர்துவுக்காகவே போட்ட மாதிரி இருக்கும். அவன் அதில் ஏறும்போது கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஊரே வாசலுக்கு வரும்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அரியலூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் வாலிபர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். தம்பிகளே, ஊர்வலத்தில் ஆடுகிறவனுக்கும் உங்கள் வாத்தியத்துக்கும் நடுவே எப்போதும் இரண்டு முழம் இடம் விடுங்கள். ஒருவன் சுழன்று வந்து முழங்கையால் லூர்துவின் டிரம்பெட்டில் இடித்தான். லூர்து உதட்டில் அழுத்தி ஊதிக்கொண்டிருந்த நேரம். பித்தளை வாய்க்குழல் அப்படியே உள்ளே போய் மேல்வரிசையில் இரண்டு முன்பல்லைக் கொண்டுபோய்விட்டது. இடித்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆடிக்கொண்டே போய்விட்டான். லூர்து சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண் ஆறி, ஈறு கெட்டியான பிறகுதான் பல் கட்ட முடியும், தைக்கு முன்னால் பேச்சே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் இரண்டாம் டிரம்பெட் அந்த ஐப்பசியில்தான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். ஆக, கேரலுக்கு டிரம்பெட் இல்லை. லூர்து ஊர்க் கேரல் கமிட்டியில் பெரிய கை டெய்லர் அருளப்பன். அவர் நேரே அரியலூருக்கே வந்துவிட்டார். "மாஸ்டர், கும்பகோணத்துப் பக்கம் ஒரு ஆளு இருக்காரு, பேசிட்டேன், வரேங்குறாரு. லூர்து இந்த வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும். என்ன சொல்றீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் லூர்து வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பல் போனதில் பேச்செல்லாம் காற்றாகவே வந்தது. வேறு நாளாக இருந்தால் நான்தான் முதலில் கேலி செய்திருப்பேன்.

"கும்பகோணத்து ஆளு வராராமே?"

"பேச்சு இருக்கு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலடா."

"மாஸ்டர், வருஷம் பூரா ஊதுறேன். யார் யாரோ வூட்டுக் கல்யாணம். யார் யாரோ வூட்டு எழவு. எம் புள்ள ஒரு நாளாச்சும் அதைப் பாத்திருக்கா? அங்கெல்லாம் அவளைக் கூட்டிட்டுப் போக முடியுமா? இந்தக் கேரலு ஒண்ணுதான் எங்க வூட்டு வாசலுக்கு வருது. அப்பன் என்ன பொழப்புப் பொழைக்குறான்னு அவ பாக்குற நாளு அது ஒண்ணுதான். அன்னிக்கு எவனோ ஒருத்தன் எங்க வாசல்ல வந்து நின்னு ஊதுவான், நான் அவளுக்குப் பக்கத்துல நின்னு கேக்கணும். அதானே?"

அப்புறம் அவனே, "யூனிபார்ம் மட்டும் போட்டுட்டு, ஊதுற மாதிரி நிக்கட்டுமா?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பொம்மையா நிக்குறதுக்கு எஞ் செட்டுல எடமில்ல. டிரம்பெட்டை எடு" என்று கத்தினேன். கோபம் அவன் மேல் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். எடுத்தான். வலது ஓரத்தில் வைத்துப் பார்த்தான், இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று புஸ்ஸென்று போனது. கடைசியில் வாய்க்குழலைச் சற்றே கீழே இறக்கிப் பிடித்தபோது அடியில் ஐந்து சுரம் வந்தது. மெதுவாக, ஆனால் சுத்தமாக. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. "அஞ்சு இருக்கு, போதும். நீ வர்ற" என்றேன். அருளப்பனுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன், கும்பகோணம் வேண்டாம் என்று. அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கக்கூட நான் நிற்கவில்லை.

அன்று இராத்திரியிலிருந்து பாட்டை மாற்றி எழுத ஆரம்பித்தேன். மெட்டை யூபோனியத்துக்குக் கொடுத்தேன். எங்கள் யூபோனியம் கலியபெருமாள் உடையார்பாளையத்துக்காரர். கேரலுக்குப் போடும் சிவப்புக் குல்லாய்க்குக் கீழே பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வருவார். அவர் வாத்தியத்தில் அடிக்குரல் வெண்ணெயாக வரும். அதனால் மெட்டு முழுவதையும் கீழே இறக்கினேன். தொட்டில் பாட்டுதானே என்று வேகத்தையும் குறைத்தேன். சைடு டிரம் சின்னப்பன், அவனும் லூர்து ஊர்தான், அவனிடம், "பிள்ளை தூங்குற பாட்டு, சலசலன்னு கேக்கக் கூடாது" என்று சொல்லி, டிரம்முக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தளர்த்தச் சொன்னேன். அதைத் தளர்த்தினால் சத்தம் தொம் தொம் என்று மழுங்கி வரும். லூர்துவுக்கு அங்கங்கே நீளமாக ஒவ்வொரு சுரம். பெரிய டிரம் எப்போதும்போல் நான்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அங்கே கூடி ஒத்திகை பார்த்தோம். ஊதி முடித்ததும் பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கலியபெருமாள், "என்னமோ பண்ணுதுங்க மாஸ்டர்" என்றார். இவ்வளவு நன்றாக நான் எழுதியதே இல்லை என்று பூரித்துப் போனேன். எங்களுக்கே ஏன் அழுகை வருகிறது என்று ஐந்து பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் இழவு வீட்டில் பாட்டைத் தாங்குவது யூபோனியம். டிரம்பெட் கல்லறை வாசல்வரை மெட்டைத் தொடாது, நடுநடுவே ஒரு சுரம் பிடிக்கும், அவ்வளவுதான். சைடு டிரம்மில் கம்பியைத் தளர்த்துவது இழவுக்கு மட்டும்தான். அந்த மார்கழிக் குளிரில் வாரத்துக்கு இரண்டு மூன்று வயசானவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு ஊதி முடித்துவிட்டு அப்படியே ஒத்திகைக்கு வருவோம். சின்னப்பன் கை தானாகவே அந்த அடியைத்தான் அடித்தது, எங்கள் காது அதற்குப் பழகிப்போயிருந்தது. வேறு வேலை பார்க்கிற எவனாக இருந்தாலும் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பான்.

அந்த ஊர்க் கேரலில் ஒரு முறை உண்டு. முதல் வீடு, படுக்கையில் இருக்கிற மூத்தவருடைய வீடு. அவர் தூங்குவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக. கடைசியில் பேண்டுக்காரர்கள் வீடு. அந்த வருஷம் முதல் வீடு சந்தியாகு பெரியவருடையது. ஆடி மாசத்திலிருந்து கட்டிலோடு கிடந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெரு முனையில் சேர்ந்தோம். மூங்கில் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாலிபர்கள், பாடுகிற பெண்கள், கிறிஸ்துமஸ் தாத்தா, அருளப்பன். தாத்தா மட்டும் மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். முனையிலிருந்தே ஊதிக்கொண்டு போவதுதான் வழக்கம். நான் கையைக் காட்டினேன். கலியபெருமாள் எடுத்தார்.

முதலில் பெட்டிக்கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்தினார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அடுத்த வீட்டில் மாட்டியிருந்த நட்சத்திர விளக்கை யாரோ அணைத்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அணைத்தார்கள். ஒரு பெண் சோற்றுக் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, "யாருங்க? யாரு போயிட்டா?" என்று கேட்டாள். நாங்கள் சந்தியாகு பெரியவர் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அவருடைய மருமகள் கொல்லையிலிருந்து ஓடிவந்து எங்களைப் பார்த்தார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"டேய்! நான் இன்னும் போகலடா!"

யூபோனியம் நின்றுவிட்டது. என் கையில் குச்சி அப்படியே நின்றது.

"எவன்டா அவன் அவசரத்துக்குப் பொறந்தவன்? எனக்கு ஒத்திகை பாக்குறீங்களா?"

மருமகள் வெளியே வந்தார். அதன் பிறகு அவர் பேசியதை எழுத முடியாது. நல்ல நாளும் அதுவுமாக உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சாவு மேளம் அடித்தீர்களே என்பதுதான் சாராம்சம். நியாயம்தான். தெருவில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் கோபமாக இருந்தார்கள். அருளப்பன் என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசினார். "அப்பவே சொன்னேனே மாஸ்டர். போதும். செட்டு வேன்ல ஏறட்டும். நாங்க கஞ்சிராவை வச்சுப் பாடிட்டுப் போயிக்குறோம்."

நான் லூர்துவைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேன் பக்கம் திரும்பியிருந்தான். எல்லாம் தன் பல்லால் வந்தது என்று அவன் நினைப்பது முதுகிலேயே தெரிந்தது. இப்போது வேனில் ஏறினால் அவன் வீட்டு வாசலுக்கு நாங்கள் போகப் போவதில்லை. அடுத்த வருஷம் என்று ஒன்றும் இருக்காது.

இந்த மாதிரி நேரத்தில் தம்பிகளே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மன்னிப்பைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. கையில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். "சின்னப்பா, கம்பிய இறுக்கு. மாப்பிள்ள அழைப்பு அடி அடி" என்றேன். "கலியபெருமாள் அண்ணே, அதே மெட்டு, ஒரு ஸ்தாயி மேல எடுங்க. வேகமா." அவர், "மூணாவது வரி எனக்கு எட்டாதே மாஸ்டர்" என்றார். "அதை அப்பறம் பாத்துக்கலாம். லூர்து! எங்க போற? இங்க வா. மொதல் சுரம் நீ குடு. ஒண்ணே ஒண்ணு. சுருக்கா."

அருளப்பன் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் லூர்து கொடுத்துவிட்டான். சின்னச் சத்தம்தான், ஆனால் டிரம்பெட் சத்தம். அதைக் கேட்டதும் பெட்டிக்கடைக் கதவு திறந்தது. சின்னப்பன் அடி கல்யாண வீடாகக் குதித்தது. கலியபெருமாள் மேலே எடுத்தார், முதல் இரண்டு வரி ஜோராகப் போயிற்று. மூன்றாவது வரி வந்தது. அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க முயன்று பார்த்தார், சத்தம் உடைந்தது. நான் இடது கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன். டிரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிற பெண்களைப் பார்த்து, "பாடுங்க! பாடுங்கம்மா!" என்று கத்தினேன். அது டிரம்பெட்டின் இடம், அவர்களுக்கு அங்கே பாடியே பழக்கமில்லை. திருதிருவென்று விழித்தார்கள். டிரம் ஒரு சுற்று ஓடிவிட்டது.

உள்ளே கட்டிலில் இருந்து சந்தியாகு பெரியவர் பாடினார். சுருதியும் கிடையாது ஒன்றும் கிடையாது, இருமலும் பாட்டுமாக வந்தது. ஆனால் வரி சரியான வரி. திட்டிக்கொண்டிருந்த மருமகள் நிறுத்திவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் பாடினார். நல்ல குரல் அந்த அம்மாவுக்கு. பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், கரண்டியோடு நின்றவளும் பாடினாள். மூன்றாவது வரி தெரு முழுக்க ஏறி உச்சியில் நின்றது. அங்கிருந்து நாலாவது வரி இறங்க வேண்டும். அது அடியில் ஐந்து சுரத்துக்குள்ளேயே முடிகிற வரி. லூர்துவே புரிந்துகொண்டு டிரம்பெட்டைத் தூக்கி அதை ஊதினான். ஜனங்கள் பாடி முடித்த இடத்தில் அவன் வாங்கி, இறக்கி, கொண்டுவந்து முடித்தான்.

உள்ளே இருந்து, "இப்ப சரிடா, இன்னொரு தபா!" என்றது குரல். மூன்று தடவை வாசித்தோம். அணைத்த நட்சத்திரங்களை மறுபடி போட்டார்கள். அருளப்பன் என்னைப் பார்க்காமலே, "சரி, அடுத்த வூடு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அதே ஏற்பாடு. மூன்றாவது வரியில் நான் கையைத் தூக்குவேன், வீட்டில் இருப்பவர்கள் பாடுவார்கள். சில வீட்டில் கூச்சப்பட்டார்கள், சில வீட்டில் அண்டா உருட்டுகிற மாதிரி பாடினார்கள். ஒரு வீட்டில் புருஷன் ஒரு பாட்டும் பெண்டாட்டி ஒரு பாட்டும் பாடி அங்கேயே சண்டை வந்தது. சிரித்துச் சிரித்து பீட்டரால் ஊத முடியவில்லை.

சின்ன ஊர்தான், சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் கடைசிக்கு வந்துவிட்டோம். சின்னப்பன் வீட்டை முடித்துவிட்டு லூர்து வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"எங்க வூடு வேணாம் மாஸ்டர். இத்தோட விட்டுடுவோம்."

"ஏன்டா?"

"ஒவ்வொரு வருஷமும் அந்த மூணாவது வரியில எம் புள்ள என்னையே பாத்துட்டு நிப்பா. இந்தத் தபா அந்த எடத்துல நான் டிரம்பெட்டைக் கீழ எறக்குறத அவ பாக்க வேணாம்."

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஊர் முழுக்க வாசித்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் விட்டால் அது அந்த வீட்டுக்கு ஆறாது. "நடடா" என்று மட்டும் சொன்னேன். நடந்தான்.

வாசலில் அவன் மனைவி பிலோமினா நின்றிருந்தார், பக்கத்தில் மகள் ரோஸ்லின். நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தது. யாராவது பேர் கேட்டால்கூட அம்மா முந்தானைக்குள் போய்விடுகிற பிள்ளை. லூர்து முதல் சுரத்தைக் கொடுத்தான். அதுவே கொஞ்சம் ஆடியது. இரண்டு வரி போயிற்று. மூன்றாவது வரிக்கு நான் கையைத் தூக்கினேன். அவன் டிரம்பெட்டை இறக்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட வந்த பெண்கள் பாடத்தான் வாயெடுத்தார்கள். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பாடிவிட்டது. முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அப்பனைப் பார்த்துக்கொண்டு, தனியாக, ஒரு பிசிறும் இல்லாமல் மேலே ஏறிப் போய் நின்றது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சின்னப்பன் டிரம்மில் குச்சியை வைக்கவே இல்லை. மேலே நின்ற இடத்திலிருந்து லூர்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணம் வாங்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். வாங்கினான். அந்த ஐந்து சுரத்தையும் அவ்வளவு மெதுவாக யாரும் ஊதி நான் கேட்டதில்லை.

முடிந்ததும் பிலோமினா சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேருந்து வருஷா வருஷம் இந்த வாசல்ல நின்னு கேக்குறேன். நீங்க ஊதுற ஊதுல எங்களுக்கு வாயைத் தொறக்கவே எடம் இருக்காது. இவ இந்தப் பாட்டை வூட்டுக்குள்ளயே பாடிட்டுத் திரிவா. இன்னிக்குத்தான் ஊரு கேக்குது."

லூர்து திரும்பி நின்று டிரம்பெட்டிலிருந்து எச்சிலை உதறினான். வெகுநேரம் உதறினான். அவன் ஊதிய அந்தக் கொஞ்சத்துக்கு அவ்வளவு எச்சில் வந்திருக்காது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை வருஷம் அந்த வரியை அவனுக்காகவே அடைத்து அடைத்து எழுதிக்கொண்டிருந்தோமே என்று உறைத்தது. நான் எழுதும்போது யார் ஊதுவார்கள் என்று யோசிப்பேன், எந்தச் சந்தில் ஊதுவார்கள் என்று யோசிப்பேன். வாசலில் நிற்பவர்களுக்கும் தொண்டை இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. லேப்டாப் தம்பி, உன் கேரலில் நாலு டிரம்பெட் ஊதும்போது வாசலில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்.

தை பிறந்ததும் லூர்து பல் கட்டிக்கொண்டான். முதலில் புதுப்பல்லோடு உதடு ஒத்துப்போகவில்லை. தினம் காலையில் ஏரிக்கரையில் போய் நின்று ஊதினான், அந்தப் பக்கம் வெளிக்குப் போகிறவர்கள் எல்லாம் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஈஸ்டருக்குப் பாதி வந்தது, ஆடிக்கு முழுதும் வந்துவிட்டது. சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவன் பழையபடி உச்சிக்குப் போனபோது கலியபெருமாள் வாத்தியத்தை இறக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த மார்கழிக்கு நான் உற்சாகமாக உட்கார்ந்து எழுதினேன். முதல் முறையாக எல்லோருக்கும் பாட இடம் விட்டு, மூன்றாவது வரியில் மட்டும் ஜனங்களோடு சேர்ந்து டிரம்பெட்டும் ஏறுகிற மாதிரி, ரொம்ப அழகாக, உச்சியில் ஒரு சின்னச் சுழிப்போடு எழுதினேன். பல் வந்திருக்கிறதே, பிள்ளையாண்டான் ஊதட்டும் என்ற ஆசைதான். லூர்து தாளை வாங்கிப் பார்த்தான். மூன்றாவது வரி வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினான்.

"இது வேணாம் மாஸ்டர்."

"ஏன்டா, பல்லு ஆடுதா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. அங்க ரோஸ்லின் பாடுவா."